“மீளாய்வு சொல்கிறது” என்று எழுதும் முன்: நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் சிகிச்சை நெறிமுறைகள் எழுதும் மருத்துவச் சங்கக் குழுக்களுக்கும், மருத்துவமனைகளின் மருந்துப் பட்டியல் குழுக்களுக்கும்,

வணக்கம்.

ஒரு மருந்தைப் பட்டியலில் சேர்ப்பதற்கு நீங்கள் எழுதும் காரணத்தில் “முறைசார் மீளாய்வுகளின்படி” என்ற தொடர் இப்போதெல்லாம் தவறாமல் வருகிறது. பல ஊர்களில் பலர் நோயாளிகளிடம் நடத்திய மருந்துப் பரிசோதனைகளை, அதாவது டிரையல்களைத் தேடி எடுத்து, தரம் பார்த்து, எண்களைச் சேர்த்துச் சொல்வதுதான் முறைசார் மீளாய்வு. ஒரே ஒரு டிரையலின் வண்ண அட்டையைக் காட்டி மருந்து விற்ற காலத்தோடு ஒப்பிட்டால் இது நல்ல மாற்றம். ஆனால் அந்தத் தொடர் வந்தவுடன் கேள்விகள் நின்றுவிடுகின்றன. மீளாய்வை எழுதியவர் யார், சேர்த்த எண்கள் யார் கையிலிருந்து வந்தன, சேர்க்காமல் விட்டவை எவை என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், “நல முரண் (முடிவால் ஆதாயம் பெறக்கூடிய தொடர்பு) எதுவும் இல்லை என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறதே” என்ற பதில்தான் கிடைக்கிறது.

அந்தக் கடைசிப் பக்க வாக்கியம் போதாது என்று சொல்லத்தான் இந்த மடல். வணிக ஆதாயம் மீளாய்வுக்குள் நுழைவது ஆசிரியரின் சட்டைப்பை வழியாக மட்டுமில்லை. தரவு யார் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது என்பதன் வழியாகவும், எந்த நோயாளிகளை எண்ணுவது என்ற முடிவின் வழியாகவும் அது வருகிறது. இவற்றைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதற்கு ஆகும் வேலையும் அதிகமில்லை.

ஒசெல்டாமிவிர், அதாவது டாமிஃப்ளூ, இதற்கு நல்ல உதாரணம். 2003இல் ஒரு கட்டுரை வந்தது. தயாரிப்பாளரான ரோஷ் நிறுவனத்தின் 10 டிரையல்களைச் சேர்த்து எழுதப்பட்டது. ஆறு ஆசிரியர்களில் நால்வர் நிறுவன ஊழியர்கள். ஃப்ளூ வந்தவருக்கு இந்த மருந்தைக் கொடுத்தால், ஆன்டிபயாடிக் தேவைப்படும் அளவிலான நெஞ்சுச் சிக்கல்கள் 55 சதவீதமும், மருத்துவமனையில் சேர்வது 59 சதவீதமும் குறையும் என்றது அந்தக் கட்டுரை. 2006இல் காக்ரேன் மீளாய்வு இதை அப்படியே எடுத்துக்கொண்டது. காக்ரேன் என்றால் நிறுவனப் பணம் வாங்காத, முறை தவறாத குழு என்று பெயர். அந்த வடிகட்டியும் இதைத் தடுக்கவில்லை.

2009இல் கெய்ஜி ஹயாஷி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் காக்ரேனுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அந்த 10 டிரையல்களில் இரண்டு மட்டுமே இதழ்களில் முழுமையாக வெளிவந்திருந்தன. மீதி எட்டை யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. காக்ரேன் குழு நிறுவனத்திடம் கேட்டது; ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் தருகிறோம் என்று பதில் வந்தது. முழு அறிக்கைகள் கைக்கு வர 2013 ஆகிவிட்டது. இதற்கிடையே பிரிட்டன் அரசு மட்டும் இந்த ஒரு மருந்தைக் கையிருப்பு வைக்க 42.4 கோடி பவுண்டு செலவழித்திருந்தது.

2014 ஏப்ரலில் வந்த புதிய மீளாய்வு இதழ்க் கட்டுரைகளை ஒதுக்கிவிட்டு, நிறுவனங்கள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குத் தரும் முழு ஆய்வறிக்கைகளையே படித்தது. ஒசெல்டாமிவிருக்கு 20, அதே வகை ஃப்ளூ மருந்தான ஜனாமிவிருக்கு 26 என்று 46 டிரையல்கள். 24,000 பேருக்கு மேல். ஏறக்குறைய 1,60,000 பக்கங்கள். பெரியவர்களுக்கு ஃப்ளூ அறிகுறி தணியும் நேரம் 16.8 மணி குறைந்தது; அதாவது 7 நாள் என்பது 6.3 நாளானது. மருத்துவமனையில் சேர்வது குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. நிமோனியா குறைந்ததுபோலத் தோன்றியது. ஆனால் அது பெரும்பாலும் நோயாளி தானே சொன்னது, எக்ஸ்ரே எடுத்து உறுதிசெய்தது இல்லை. நோயறிதலை விவரமான படிவத்தில் பதிவு செய்த டிரையல்களை மட்டும் எடுத்தபோது அந்தப் பலன் நிற்கவில்லை. மாத்திரை சாப்பிட்ட 28 பேரில் ஒருவருக்குக் கூடுதலாகக் குமட்டலும், 22 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக வாந்தியும் வந்தன.

கதை இத்தோடு முடிந்திருந்தால், கெட்ட நிறுவனம், நல்ல ஆய்வாளர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். 2015இல் லான்செட் இதழில் இன்னொரு தொகுப்பாய்வு, அதாவது பல டிரையல்களின் எண்களைச் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வு, வந்தது. பெரியவர்கள் பங்கேற்ற ஒன்பது டிரையல்கள், 4,328 பேர், தனித்தனி நோயாளித் தரவு. அதற்குப் பணம் தந்த அறக்கட்டளை, ரோஷிடம் நிபந்தனையற்ற நிதி பெற்றிருந்தது. எல்லாம் முறைப்படி அறிவிக்கப்பட்டிருந்தது. அதன் சுருக்கத்தில் முன்னால் நிற்கும் எண் 25.2 மணி. நெஞ்சுச் சிக்கலும் மருத்துவமனை சேர்க்கையும் குறைந்ததாகவும் சொன்னது. 16.8 எப்படி 25.2 ஆனது?

வகுக்கும் எண்ணிக்கையில் இருக்கிறது விடை. 25.2 என்பது ஆய்வகத்தில் ஃப்ளூ உறுதியானவர்களை மட்டும் எடுத்துக் கணக்கிட்டது. குலுக்கல் முறையில் மருந்துக்கோ பொய் மாத்திரைக்கோ பிரிக்கப்பட்ட எல்லோரையும் எடுத்தால் அதே கட்டுரையிலேயே வித்தியாசம் 17.8 மணி. காக்ரேனின் 16.8க்கும் இதற்கும் ஒரே ஒரு மணி இடைவெளி! யாரும் பொய் சொல்லவில்லை; எண்ணைத் திருத்தவும் இல்லை. எந்த வரியைச் சுருக்கத்தில் முதலில் வைப்பது என்பதுதான் வேறுபட்டது.

எந்த வரி உங்களுக்குப் பொருந்தும் என்று பாருங்கள். காய்ச்சலோடு புறநோயாளிப் பிரிவுக்கு வருபவருக்குப் பிசிஆர் முடிவு வரும்வரை யார் காத்திருக்கிறார்கள்? 48 மணிக்குள் கொடுக்க வேண்டிய மருந்து என்பதால் அறிகுறியைப் பார்த்தே எழுதுகிறோம். ஆகவே எல்லோரையும் சேர்த்த கணக்குதான் நம் ஓபி வாசலின் கணக்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த டிரையல்களில் பலருக்கு ஃப்ளூ உறுதியானது ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உயர்ந்ததை வைத்து. மருந்தே அந்த உயர்வைக் குறைக்கக்கூடும் என்றால், ‘உறுதியானவர்கள்’ என்று பிரித்தெடுத்தவுடன் இரண்டு பிரிவும் ஒரே மாதிரியானவை என்ற உத்தரவாதம் போய்விடும். குலுக்கியதன் பயனே அங்கே கரைந்துவிடுகிறது.

2017இல் உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலின் முதன்மைப் பகுதியிலிருந்து துணைப் பகுதிக்கு இறக்கியது. 2023இல் 15 டிரையல்கள், 6,295 புறநோயாளிகளைச் சேர்த்து வந்த தொகுப்பாய்விலும் மருத்துவமனை சேர்க்கை குறைந்ததாக நிறுவ முடியவில்லை: ஒப்பீட்டு விகிதம் 0.77, நம்பக இடைவெளி 0.47 முதல் 1.27 வரை. 1க்குக் கீழே என்றால் குறைவு, மேலே என்றால் கூடுதல்; இடைவெளி இரண்டு பக்கமும் நீள்கிறது.

இது ஒரு மருந்தோடு நிற்கும் விஷயம் இல்லை. 2006இல் பிஎம்ஜே இதழில் ஒரே மருந்து ஜோடிகளைப் பற்றிய காக்ரேன் மீளாய்வுகளையும் நிறுவன ஆதரவு பெற்ற தொகுப்பாய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முடிவுரை எழுதியிருந்த ஏழு நிறுவன ஆதரவுக் கட்டுரைகளும் புதிய மருந்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைத்தன. காக்ரேன் மீளாய்வுகளில் ஒன்றுகூட அப்படிச் செய்யவில்லை. மனச்சோர்வு மருந்துகளைப் பற்றிய 185 தொகுப்பாய்வுகளை ஆராய்ந்து 2016இல் வந்த கட்டுரையில் இன்னும் அப்பட்டமான எண் இருக்கிறது. தயாரிப்பாளரின் ஊழியர் ஆசிரியராக இருந்த 54இல், சுருக்கத்தில் மருந்தைப் பற்றி எச்சரிக்கையாக ஏதாவது சொன்னது ஒன்றே ஒன்று. மற்ற 131இல் 57.

இனி, ஆதாயம் நுழையும் வாசல்கள்.

முதல் வாசல் ஒப்பீட்டு மருந்து. மனச்சிதைவு மருந்துகளை நேருக்கு நேர் மோதவிட்ட டிரையல்களை 2006இல் தொகுத்தபோது, நிறுவனம் பணம் கொடுத்தவற்றில் 90 சதவீதம் பணம் கொடுத்தவரின் மருந்தே வென்றதாகச் சொல்லின. ஓலான்சபின் ரிஸ்பெரிடோனை வென்றது, ரிஸ்பெரிடோன் குவெட்டியபினை வென்றது, குவெட்டியபினோ ஓலான்சபினை வென்றது. கணக்கு இடிக்கிறதல்லவா? எதிராளிக்குக் குறைவான டோஸ் கொடுத்தால் பலன் குறையும். அதிக டோஸை அவசரமாக ஏற்றினால் பக்கவிளைவு கூடும். இரண்டும் விளம்பரத்துக்கு உதவும். இப்படிப்பட்ட டிரையல்கள் பத்தைக் கூட்டினால் கிடைப்பது பத்து மடங்கு நம்பிக்கையோடு சொல்லப்படும் அதே சாய்வு. ஆகவே மீளாய்வின் அட்டவணையில் ஒப்பீட்டு மருந்தின் டோஸைப் பாருங்கள். உங்கள் வார்டில் எழுதும் டோஸ் அதுதானா என்று கேளுங்கள். அட்டவணையில் டோஸே இல்லையென்றால் அந்த மீளாய்வை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இரண்டாவது, ஒரே நோயாளியை இரண்டு முறை எண்ணுவது. ஆண்டன்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்தைப் பற்றி 1997இல் வெளியான ஆய்வில், ஒன்பது டிரையல்களின் தரவு வேறு 14 கட்டுரைகளாக மறுபடி அச்சேறியிருந்தது தெரியவந்தது. பல நேரம் ஆசிரியர் பட்டியல் வேறு. முந்தைய கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்திருந்தால் வாந்தியைத் தடுக்கும் பலன் 23 சதவீதம் மிகையாகத் தெரிந்திருக்கும். இதைப் பிடிக்க ஆசிரியர் பெயர் உதவாது. நோயாளி எண்ணிக்கை, டோஸ், அறுவை சிகிச்சை வகை, சராசரி வயதும் எடையும், மையங்களின் ஊர் ஆகியவற்றை வரிசையாக எழுதி ஒப்பிட வேண்டும். வயதும் எடையும் தசம இடம்வரை ஒத்துப்போனால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவதும் பெரியதும், வெளிவராத டிரையல்கள். ரெபாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்தை, ஜெர்மனியில் மருந்துகளின் பலனை ஆராயும் அமைப்பான ஐக்விக் மதிப்பிட்டபோது, தயாரிப்பாளர் முதலில் முழுத் தரவைத் தரவில்லை. தரவு இல்லாமல் பலனை மதிப்பிட முடியாது என்று வரைவு அறிக்கையிலேயே பகிரங்கமாக எழுதியது ஐக்விக். அதற்குப் பிறகு தரவு வந்தது. 4,098 நோயாளிகளில் 3,033 பேரின் தரவு எங்கும் வெளியாகாதது, அதாவது 74 சதவீதம். அச்சில் வந்ததை மட்டும் நம்பியிருந்தால் பொய் மாத்திரையோடு ஒப்பிட்ட பலன் 115 சதவீதம்வரை மிகையாகியிருக்கும். இந்தச் சம்பவத்தில் உங்களுக்கு ஒரு பயனுள்ள பாடம் இருக்கிறது: “தரவு தந்தால்தான் பரிசீலிப்போம்” என்று எழுதிவைக்கும் குழுவுக்குத் தரவு வருகிறது.

வெளிவராததைத் தேடுவது எப்படி? அமெரிக்க டிரையல் பதிவேடான கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ், இந்தியப் பதிவேடான நம் சிடிஆர்ஐ, உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைந்த பதிவேடு ஆகிய மூன்றிலும் மருந்தின் பெயரைத் தேடுங்கள். ‘முடிந்தது’ என்று குறிக்கப்பட்ட டிரையல்களை எடுத்து, பங்கேற்றோர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மீளாய்வில் வந்தவர்களின் எண்ணிக்கையை அதிலிருந்து கழியுங்கள். மிச்சத்தைச் சதவீதமாக்கி முன்னுரையில் எழுதுங்கள். அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்தென்றால் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் தளத்தில் மருத்துவ மதிப்பீடு, புள்ளியியல் மதிப்பீடு என்று இரண்டு கோப்புகள் கிடைக்கும். பக்கம் அதிகம், எழுத்து மங்கல், ஆனாலும் தங்கம். 2008இல் இப்படி எஃப்டிஏ கோப்புகளை வைத்து 12 மனச்சோர்வு மருந்துகளின் 74 டிரையல்களைச் சரிபார்த்தார்கள். எஃப்டிஏ கணக்கில் வெற்றி 38. அவற்றில் 37 அச்சேறின. வெற்றி இல்லாத 36இல் 22 வெளிவரவே இல்லை. 11 வெற்றிபோல எழுதப்பட்டு வெளிவந்தன. உள்ளபடி வந்தவை மூன்று.

சிடிஆர்ஐ பதிவெண்ணிலேயே பதிவான ஆண்டும் மாதமும் இருக்கிறது. டிரையல் தொடங்கிய தேதியோடு அதை ஒப்பிட அரை நிமிடம் போதும். 2018 ஏப்ரலுக்குப் பிறகு அங்கே முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பழைய டிரையல்களில் பலவற்றில் பதிவு பின்னால் வந்திருக்கும். முதன்மை விளைவை, அதாவது டிரையல் முக்கியமாக அளக்கப்போவதாகச் சொன்ன பலனை, நடுவில் மாற்றினார்களா என்பதற்கு அமெரிக்கப் பதிவேட்டில் திருத்த வரலாற்றைத் திறந்தால் பழைய வடிவங்கள் எல்லாம் அப்படியே நிற்கும். மீளாய்வுக்கும் இதே சோதனைதான்: மீளாய்வுத் திட்டங்களை முன்கூட்டிப் பதியும் ப்ராஸ்பெரோ பதிவேட்டில் முதலில் எழுதிய விளைவும் கட்டுரையில் வந்த விளைவும் ஒன்றா என்று பாருங்கள். வெளிவராத டிரையல்கள் இருக்கின்றனவா என்று கண்டறிய வரையும் ஃபனல் வரைபடம் சமச்சீராக இருக்கிறதே என்று சிலர் ஆறு டிரையல்களை வைத்துக்கொண்டு சமாதானம் சொல்வார்கள். பத்துக்குக் குறைந்தால் அந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை.

“நாங்கள் ஆம்ஸ்டார் போட்டுப் பார்க்கிறோமே” என்பீர்கள். மீளாய்வுகளின் தரத்தை மதிப்பிடும் கருவியான ஆம்ஸ்டார் 2இல் 16 கேள்விகள். பத்தாவது கேள்வி, சேர்த்த டிரையல்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று மீளாய்வு சொல்கிறதா என்பது. பதினாறாவது, மீளாய்வு ஆசிரியர்களின் நல முரண். ‘முக்கியமானவை’ என்று அந்தக் கருவி குறித்த ஏழு கேள்விகளில் இவை இரண்டும் இல்லை. எனவே மற்றவை சரியாக இருந்தால், ஒன்றில் தவறினாலும் மீளாய்வு ‘உயர்தரம்’ என்றே நிற்கும். இந்த இரண்டில் மட்டும் தவறினால் பொதுவாக ‘நடுத்தரம்’. டிரையல்களை மதிப்பிடும் ராப் 2 கருவியில் பணம் பற்றிய பகுதியே கிடையாது. 509 டிரையல்களைச் சேர்த்திருந்த 29 தொகுப்பாய்வுகளை 2011இல் பரிசோதித்தபோது, அந்த டிரையல்களுக்குப் பணம் வந்த வழியைச் சொன்னவை இரண்டே இரண்டு.

இங்கே நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். நிறுவன டிரையல்கள் நுட்பத்தில் மோசமானவை இல்லை. 75 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த காக்ரேன் மீளாய்வின்படி, நிறுவனப் பணம் பெற்றவற்றில் சாதகமான பலன் 1.27 மடங்கும், சாதகமான முடிவுரை 1.34 மடங்கும் அதிகம். ஆனால் யாருக்கு எந்த மருந்து என்று தெரியாதபடி மறைத்துக் கொடுக்கும் முறை அவற்றில்தான் மேலாக இருந்தது. மற்ற தர அளவுகளில் வித்தியாசம் இல்லை. தரக் கருவிகளின் கண்ணில் இது படாமல் போவதற்குக் காரணம் இதுதான். சாய்வு இருப்பது கேள்வியிலும் டோஸிலும் வெளியிடுவதிலும். கருவி பார்ப்பதோ குலுக்கலையும் மறைப்பையும். ஆகவே நிறுவன டிரையலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. போட்டால் புதிய மருந்துகளுக்கு ஆதாரமே மிஞ்சாது.

ஆசிரியர்களின் அறிவிப்புக்கு வருவோம். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவின் படிவம், அந்தக் கட்டுரைக்கு வெளியே வாங்கிய பணத்தைப் பொறுத்தவரை, கேட்பது கடந்த 36 மாதங்களை மட்டும். அமெரிக்க மருத்துவர் என்றால் 2014 முதல் ஓபன் பேமென்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டு எந்த நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்று பார்த்துவிடலாம். இந்தியாவில் அப்படிப் பெயர்வாரியாகப் பொதுமக்கள் தேடிப் பார்க்கும் தளம் இல்லை. 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நடத்தை விதிகள் பரிசுகளைத் தடுக்கின்றன. மருத்துவர் பெயரோடு ஒரு பட்டியலை ஊர் முன் வைக்கச் சொல்லவில்லை. ஆக, உங்கள் குழுவில் ஒருவர் “இல்லை” என்று எழுதினால் அதைச் சரிபார்க்க எங்களுக்கும் வழியில்லை, உங்களுக்கும் வழியில்லை. சரிபார்க்க முடியாத அறிவிப்பை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது, அமர்ந்திருப்பவர்களின் விகிதத்தை மாற்றுவதுதான். காக்ரேன் 2020இல் இதைத்தான் செய்தது: அதுவரை ஆசிரியர்களில் பாதிக்கு மேல் முரண் இல்லாதவர்களாக இருந்தால் போதும் என்றிருந்ததை மூன்றில் இரண்டு பங்காக்கியது, முதல் ஆசிரியரும் கடைசி ஆசிரியரும் முரண் அற்றவர்களாக இருந்தே ஆக வேண்டும். நெறிமுறைக் குழுவின் தலைவருக்கு முரண் இருக்கக் கூடாது, முரண் உள்ளவர்கள் சிறுபான்மையாகவே இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2011இலேயே எழுதிவிட்டது.

இதெல்லாம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. காக்ரேனின் தெற்காசிய மையம் இயங்கியதே வேலூர் சிஎம்சியில். காக்ரேன் நூலகத்தை இந்தியா முழுவதும் இலவசமாகப் படிக்க ஐசிஎம்ஆர் 2007இல் பணம் கட்டியது. ஆள் இருக்கிறார்கள், பயிற்சி இருக்கிறது.

நாங்கள் கேட்பவை இவை. நீங்கள் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு மீளாய்வுக்கும் ஓர் அட்டவணை போடுங்கள். டிரையலுக்கு ஒரு வரி. ஐந்து நெடுவரிசை: பதிவெண், பணம் கொடுத்தவர், தரவை வைத்திருந்தவர், புள்ளியியல் கணக்குப் போட்டவர், ஆசிரியர்களில் நிறுவன ஊழியர் எத்தனை பேர். நான்காவது நெடுவரிசைக்கான விவரம் பெரும்பாலும் கட்டுரையின் முறைப் பகுதியிலோ நன்றியுரையிலோ ஒளிந்திருக்கும். “எழுத்து உதவி” என்று ஒரு தனியார் நிறுவனப் பெயர் இருந்தால் அதையும் குறியுங்கள். பத்துப் பன்னிரண்டு டிரையல்கள் உள்ள மீளாய்வுக்கு இருவர் தனித்தனியாகச் செய்து ஒப்பிட ஒரு நாள் போதும். மருந்தை முன்மொழிந்த துறைக்கு இந்த வேலையைத் தராதீர்கள். தன் டிரையலே மீளாய்வில் இருக்கும் நிபுணரைப் பேச அழையுங்கள், கேளுங்கள். வாக்கெடுப்புக்கு முன் அறையை விட்டு அனுப்புங்கள், அனுப்பியதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள்.

நிறுவனப் பணம் பெறாத டிரையல்களை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். பலன் அப்படியே நின்றால் நல்லது. சுருங்கினாலோ, கூட்டுவதற்கே ஒன்றும் மிஞ்சாவிட்டாலோ, மருந்துக்கு எதிரே “நிறுவன ஆய்வுகள் மட்டும்” என்று அச்சிட்டு, இரண்டு ஆண்டுக்குள் ஒரு மறுபரிசீலனைத் தேதி போடுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒரு மருந்தை வாங்கினால் அது மாநிலம் முழுக்கப் போகிறது. பட்டியலில் ஒரு வரி என்பது லாரி லாரியாக மாத்திரை.

அட்டவணையை நெறிமுறையோடு இணையத்தில் ஏற்றும்போது எக்செல் கோப்பாகவே ஏற்றுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டாம். மற்றவர்களும் எண்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
முறைசார் மீளாய்வுப் பணியில் இருக்கும் மருத்துவர்கள், புள்ளியியலாளர்கள், மருத்துவ நூலகர்கள் சிலர்